பக்கம் 47, காலை ஆறு மணி

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். ஆறு வருஷம் கழித்து என்ன திடீரென்று என்கிறீர்களா? உங்கள் கையேடுதான் எழுத வைத்தது.

இந்த விமானதளத்துக்கு வானிலை சொல்ல வந்து பத்து நாள் ஆகிறது. ஊரும் புதிது, மலையும் புதிது. ராணுவத்துக்காக நீங்கள் தொகுத்த வட்டாரக் காலநிலைக் கையேடுதான் துணை. தலையணைக்கு ஆகும் என்று கேலி செய்தவள் நான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஏரிக்காற்று திரும்பிய நாளில் காலை ஆறு மணிக்குக் கணவாயை மேகம் மூடும் என்று பக்கம் 47இல் எழுதியிருக்கிறீர்கள். நேற்று காற்று திரும்பியது. ஆறு மணிக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒன்பதரைக்கு அந்தக் கணவாய் வழியாக ஹெலிகாப்டர் கிளம்ப வேண்டும், உள்ளே பதினோரு பேர். பறக்கலாம் என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் என் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அப்பா இடத்தில் நீங்கள் நிற்க வேண்டிய கல்யாணம். நம் நாட்டு நேரத்துக்கு நாலு மணி பின்னால் இருக்கும், வானிலைக்காரர்களின் உலகப் பொது நேரத்தில் ஓடும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நாலு மணி நேரம் தாமதமாக, எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு வந்து நின்றீர்களே! மேகத்தைப் பற்றி அண்ணன் தப்பாக எழுத மாட்டார், மணியைத்தான் கோட்டை விட்டிருப்பார் என்று பட்டது. ஆறோடு நாலைக் கூட்டினேன். "பத்து மணி தாண்டட்டும் சார்" என்றேன். கமாண்டர் முறைத்தார். பத்தே காலுக்குக் கணவாய் இருந்த இடமே தெரியவில்லை.

தப்பை மேலே சொன்னால் உங்கள் பதவி உயர்வு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

உங்கள் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்த அன்றே மேலதிகாரியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். பதவி உயர்வு போயிற்று, போகட்டும். எல்லாத் தளங்களுக்கும் திருத்தத் தாள் கிளம்பிவிட்டது. அட்டவணைகளை எல்லாம் உள்ளூர் நேரத்துக்கு மாற்றியவன் அந்த ஒரு வரியை விட்டிருக்கிறேன். பதினோரு பேர் என்ற இடத்தை மூன்று முறை படித்தேன்.

இருபது வருஷப் பதிவுகளைப் புரட்டி எழுதிய புத்தகம் அது. பத்தே நாளில் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாய். பெருமையாக இருக்கிறதம்மா. கையேட்டில் யார் பெயரும் போடுவதில்லை. ஆனாலும் அந்தப் பத்து மணி உன்னுடையது.

கல்யாணத்தன்று உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றைக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருத்தத் தாளை 47ஆம் பக்கத்தில் நானே ஒட்டினேன். தொகுத்தவர் யார் என்று கமாண்டரிடம் சொன்னேன். "பெரிய ஆளும்மா உங்க அண்ணன். தப்பைத் தானே போய்ச் சொல்லியிருக்காரே" என்றார்.

மகளும் அவள் அப்பாவும் இங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அவளுக்கு நாலு வயது முடிகிறது. மாமாவை அவள் பார்த்ததே இல்லை. பத்து மணிக்கு கேக் வெட்டுகிறோம், எங்கள் சுவர்க் கடிகாரத்தில் பத்து. நீங்கள் வராமல் வெட்ட மாட்டோம். மதியம் இரண்டு மணி ஆனாலும் காத்திருப்போம்.

தங்கை