கேன்டீன் பின்னால் இருந்த வகுப்பு

பிரிக்பீல்ட்ஸ்,
4 மார்ச் 2024

அன்புள்ள குமுதாவுக்கு,

நலம்தானே? கால்வலி குறைந்ததா? ரயில் ஏறினால் கிள்ளான்தான், ஆனாலும் வரமுடியவில்லை. திட்டாதே.

நம் பள்ளியை இந்த ஆண்டு முடிவில் சுங்கை பூலோவுக்கு மாற்றுகிறார்கள். இங்கே சுற்றிலும் கொண்டோ அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். விடைபெறும் விழாவுக்கு வரலாற்று மலர் போடுகிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில். மிஷன் பள்ளியாய்த் தொடங்கியது, ஜப்பான்காரன் காலத்தில் மூடியது, ஆங்கிலம் போய் மலாய் வந்தது எல்லாம் எழுதிவிட்டேன். பிரதி இத்துடன். படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லேன்.

உன் சிவமலர்

கிள்ளான்,
11 மார்ச் 2024

அன்புள்ள சிவா,

கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவாய். அதனால் நானும் கடிதமே எழுதுகிறேன்.

நன்றாய்த்தான் எழுதியிருக்கிறாய். பியானோ வந்த கதைகூட இருக்கிறது. ரிமூவ் கிளாஸ் எங்கேடி? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து வந்த எங்களை, மலாய் படிக்க ஓராண்டு தனியாக வைத்தார்களே, கேன்டீன் பின்னால் அந்தத் தகரக் கொட்டகையில்? மழை பெய்தால் பாடம் கேட்காது. அடுத்த ஆண்டு நான் பாரம் ஒன்னு வகுப்புக்கு வந்து உன் பக்கத்தில் உட்காருவதற்குள் பாதிப் பேர் படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கொட்டகையில் என்னோடு படித்த நல்லம்மாள் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. "மலாய் ஏறாத மண்டைக்கு ஸ்கூல் எதுக்கு?" என்று எல்லார் முன்னும் அவளைக் கேட்டார் டீச்சர். அப்படிக் கேட்டவரும் ஒரு தமிழர்தான். மறுநாள் அவள் வரவில்லை, பேக்டரிக்குப் போய்விட்டாள். இப்போது மலர் வருகிறது என்று நான் சொன்னதும், "நம்ம கிளாஸ் அதுல இருக்குமா குமுதா?" என்று கேட்டாள். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். என் மானத்தை வாங்கிவிடாதே.

குமுதா

பிரிக்பீல்ட்ஸ்,
2 ஏப்ரல் 2024

அன்புள்ள குமுதா,

எனக்கு எப்படித் தோன்றாமல் போனதோ தெரியவில்லை. உடனே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மலர்க் குழுத்தலைவி ஜனகா அதை நீக்கிவிட்டாள். "பழைய கதை லா, சிவா. நல்ல நாள்ல எதுக்கு இந்த அழுகை?" என்கிறாள். அப்படியானால் என் பெயரும் மலரில் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உனக்காகத்தான் செய்தேன். இப்போதாவது மனம் ஆறியதா? விழாவுக்குச் சேர்ந்தே போவோம், வா.

உன் சிவமலர்

கிள்ளான்,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள சிவா,

ஆறவில்லை. உன் பெயரை எடுத்துவிட்டால் எங்கள் பெயர் வந்துவிடுமா? அந்தக் கூட்டத்தில் எங்களுக்காகப் பேச இருந்ததே நீ ஒருத்திதான். உனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், கோபித்துக்கொண்டு எழுந்தாய். எங்களுக்கு எழுந்து வர நாற்காலியே இல்லையே அம்மா.

நல்லம்மாள் இப்போது சுங்கை பூலோவில்தான் இருக்கிறாள். அவள் பேத்தி அந்தப் புதுப் பள்ளியில்தான் சேரப்போகிறாள். தன் பாட்டியும் இதே பள்ளியில் படித்தவள் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

திரும்பிப் போ. ஜனகாவிடம் சண்டை போடு, கெஞ்சு, என்னவோ செய். உன்மேல் எனக்குப் பாசம் குறையவில்லை, பயப்படாதே. ஆனால் அந்த இரண்டு பக்கம் இல்லாத விழாவுக்கு என்னைக் கூப்பிடாதே.

அச்சில் வரவே வராது என்றால், சுங்கை பூலோவுக்குப் போய் வராது என்று நல்லம்மாளிடம் நீயே நேரில் சொல். என்னால் முடியாது.

குமுதா