வட்டத்துக்கு வெளியே

தம்பிக்கு,

குருப்பட்டம் வாங்கிவிட்டாய், இனி சாமி என்றுதான் எழுத வேண்டும். அக்கா கைக்கு அது இன்னும் வரவில்லை.

உன் முதல் பூசையில் நான் நன்மை அப்பம் வாங்க வரிசையில் வந்திருக்கக் கூடாது என்று போனில் சொன்னாய். பதினோரு வருடமாக ஒதுங்கியே நின்றவள், தம்பி கையால் என்றதும் மறந்துபோனேன். நீ மறக்கவில்லை. ஊரே பார்க்க, அப்பம் தராமல் நெற்றியில் சிலுவை போட்டு, "போக்கா" என்றாய்.

குருவிநத்தத்து இந்துவை ரெஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டவளுக்கு நன்மை கிடையாதுதான். அந்த மனுஷன்தான் பூசை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உன் கையில் உதடு வைத்து முத்தி செய்தார். "மச்சான் கையில சாமியே எறங்குறாருடி" என்று வழியெல்லாம் சொன்னார்.

அன்று நீ உயர்த்திய அப்பம் வில்லியனூர் கன்னியர் மடத்தில் நான் சுட்டது. மாவு கரைத்து, இரும்பு அச்சில் வார்த்து, வட்டமாக வெட்டியது இந்தக் கைதான். வெட்டி மிஞ்சிய ஓரங்களை சிஸ்டர் எனக்குத் தருவார். அதைத் தின்றுகொண்டே என் மகள் கேட்டாள்.

"இன்னாம்மா, இதான் நன்மையா?"

"இல்லடி. வட்டத்துக்கு வெளிய வுழுந்தது."

உங்கள் கோயில் திருவிழாவுக்கு ஐந்நூறு அப்பம் கேட்டிருக்கிறார்கள். சுட்டு அனுப்புகிறேன். எங்கள் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க மட்டும் வராதே. பூசையில் 'மனித உழைப்பின் பயன்' என்று அப்பத்தை உயர்த்துவாயே, அப்போது நிறுத்தாமல் சொல்லிவிட்டுப் போ. அந்த மனிதர் யாரென்று தேடாதே.

இப்படிக்கு,
வரிசையில் வந்துவிட்ட அக்கா