ராஜவேல் போன் செய்தால்

கிட்வாய் நகர்,
புது டில்லி.
4.1.2004

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை உதயாவும் அந்த டொரண்டோ பனியில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் குளிர் அதிகம்தான், வெயில் ஏறும்வரை எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரிவதில்லை, அப்பா குரங்குக் குல்லாயைக் கழற்றாமலே சாப்பிடுகிறார். போன வாரம் நான் அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் "விடும்மா, படம்தானே" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். நான் விடவில்லை. அதற்குப் பிறகு இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது, வேறு யாராவது உனக்கு மெயிலில் எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

'ஆந்தைத் தீவு' புத்தகம் ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்கவே வேண்டாம். ஸ்கூலில் இந்தியும் இங்கிலீஷும் மட்டும் படித்துக்கொண்டிருந்த நீ, நான் ஆபீஸிலிருந்து வந்து வாசித்துக் காட்டும்வரை பொறுக்க முடியாமல்தானே தமிழ் எழுத்தே கற்றுக்கொண்டாய். ஊர்க்காரர்களின் தூக்கத்தைத் திருடிக்கொண்டு போன ஆந்தைக்காரியைப் பிடிக்கக் குதிரையில் போன வீரர்கள் எல்லாரும் சேற்றில் புதைந்துபோக, சூம்பின காலோடு கோல் ஊன்றி நடக்கும் வாகை மட்டும் ஒவ்வொரு அடியையும் குத்திப் பார்த்து வைத்து அக்கரை சேருவாள். அதைப் படித்து முடித்த மறுநாள் காலில் இரும்புக் காலிபரை மாட்டிக்கொண்டு, வாகை வருகிறாள் வழி விடுங்கள் என்று கத்திக்கொண்டே நம் மாடிப்படியில் நீயாக இறங்கினாய். அதுவரை அப்பாதான் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். இப்போது அந்தப் புத்தகத்தை வைத்து எடுத்த படத்தில் வாகைக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன, மலைமேல் ஓடி ஓடிப் பாட்டுப் பாடுகிறாள். காலை இழுத்து நடப்பது ஆந்தைக்காரி. அவள் வரும்போதெல்லாம் டொக் டொக் என்று ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள், அது கேட்டாலே தியேட்டரில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கவி, நீ ஸ்கூல் விட்டு வந்துவிட்டாய் என்று நம் படியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் அடுப்பில் பால் வைப்பேன். கரோல் பாக் தியேட்டரில் இடைவேளையில் ஒரு பெண் குழந்தை அந்த மாதிரியே நடந்து காட்ட, அதன் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். எடுத்தவன் பெயர் ராஜவேல் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுந்தேன்.

அந்த ராஜவேலை நம் தமிழ் மன்றத்துக்காரர்களே கூப்பிட்டுப் பாராட்டு விழா வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலைவர் தட்சிணாமூர்த்தி சார் வந்து, வரவேற்புரை நீங்கள்தான் பேச வேண்டும், ஹால் பக்கத்திலேயே உங்கள் வீடு இருப்பதால் முதலில் அங்கே டிபன் கொடுத்துவிடலாம் என்றார். அப்பா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார், நான் சரி என்றேன். மனிதர் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார், நம் வீட்டு மெதுவடையைப் புகழ்ந்தார். நானும் மரியாதையாகவே, வாகையின் காலை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கால இழுக்கிற பொண்ண ரெண்டரை மணி நேரம் யாரும்மா பாப்பாங்க? அது வில்லிக்குத்தான் எடுபடும்." சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். உன் பட்டமளிப்பு போட்டோ அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்தது, அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் இரண்டாவது காபி கொண்டுவந்து கொடுத்தேன். அந்தக் காபியை ஆற்றும்போதே தீர்மானித்துவிட்டேன்.

மேடையில் வழக்கமாகச் சொல்வதை எல்லாம் சொல்லிவிட்டு, நம் விருந்தினர் சற்று முன் என் வீட்டில் சொன்ன ஒரு வாக்கியத்தை நீங்களும் கேட்க வேண்டும் என்று அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொன்னேன். "கால இழுக்கிற பொண்ண இத்தனை வருஷமா நான் பாத்துட்டிருக்கேன். ஒரு நாளும் வேற பக்கம் திரும்பத் தோணல. இதுக்கு சாரே விளக்கம் சொல்லட்டும்" என்று மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் வியாபாரம் என்றார், வினியோகஸ்தர் என்றார். பின்னால் இருந்து சரோஜினி நகர் ரத்தினவேல் எழுந்து, சொன்னீர்களா இல்லையா என்று மட்டும் கேட்டார். சொன்னேன், ஆனால், என்று ராஜவேல் இழுத்தார். பிள்ளைகளை அவரோடு போட்டோ எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட மனிதர் பேச்சை மேடையில் ஏற்றலாமா என்று அப்பாவுக்கு வருத்தம், இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தட்சிணாமூர்த்தி சார் என்னைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார். எடுக்கட்டும்.

நேற்று ராஜவேல் சென்னையிலிருந்து போன் செய்தார். யாரோ ஒரு பத்திரிகைக்காரர் விஷயத்தைக் கேள்விப்பட்டு அவரைக் குடைகிறாராம். நான் மன்னிப்புக் கேட்கிறேன், இதோடு முடிந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். நான் முடித்துவைக்கிற விஷயம் இல்லை, என் பெண்ணிடம் கேளுங்கள் என்று உன் நம்பரைக் கொடுத்தேன். பொங்கலுக்கு மறு வாரம் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. அவர் மன்னிப்புக் கேட்டால் 'பரவாயில்லை' என்று சொல்லிவிடாதே. உன்னை இடித்துத் தள்ளிவிட்டு பஸ் ஏறினவனிடம் அதைத்தான் சொன்னாய், ஆட்டத்தில் சேர்க்காத பிள்ளைகளிடம் சொன்னாய், பெண் பார்க்க வந்து உன் காலைப் பார்த்ததும் எழுந்துபோன அந்தக் கூட்டத்தை வாசல்வரை போய் வழியனுப்பியும் அதையேதான் சொன்னாய். அவர்களை எல்லாம் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இவர் ஒருவர்தான் கையில் அகப்பட்டிருக்கிறார். அவர் பேசி முடிக்கும்வரை கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருக்கட்டும். ஐ.எஸ்.டி. அவர் காசுதான், நீ அவசரப்பட்டு வைக்க வேண்டாம்.

பனியில் தனியாகக் கடைக்குப் போகாதே, கோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்று. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலமும் சேர, நீண்ட ஆயுளோடு நிமிர்ந்து வாழ எங்கள் ஆசிகள். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், ராஜவேல் விஷயத்தில் என்ன செய்வது என்பதை உன் இஷ்டத்துக்கு விடச் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ப. அம்சவேணி