மழைமானி நிரம்பி வழிந்த செவ்வாய்க்கிழமை

டொங்கோவாத் தீவு,
மார்ச் 14

அன்பு மகன் கல்மெட்டுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் உன் மனைவி நாஸுவும் உயிரோடு இருக்கிறோம், அவள் வயிற்றுப் பிள்ளையும் உதைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது, அதை முதலில் படித்து மூச்சு விட்டுக்கொள். நியூசிலாந்தில் நீ ஆப்பிள் பறிக்கிற தோட்டத்தில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். போன் கோபுரம் சாய்ந்து கிடப்பதால் கப்பல் ஏறுகிற போதகர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வேறு யாராவது சொல்லி நீ பதறுவதற்குமுன் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, தலைநகரத்து வானிலை அலுவலகத்துக்குப் போனில் சொல்கிறேன், உனக்குத் தெரியும். ஜனவரியில் மலை சரியும் என்று பயந்து எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறச் சொன்னேன், இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை, இறங்கி வந்து பார்த்தால் பன்றிகள் வேலியை உடைத்துக் கிழங்குத் தோட்டத்தைக் கிளறிப் போட்டிருந்தன. அன்று முதல் என்னைக் கண்டால், மழைக்காரி வர்றா, மூட்டையைக் கட்டுங்க என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்தேன், ஆனால் அதற்கப்புறம் வாயைத் திறக்கவே கூச்சமாகிவிட்டது.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் மழைமானி விளிம்புவரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. இருநூறு மில்லிமீட்டர் கொள்வது, வழிந்து போனது எவ்வளவோ யாருக்குத் தெரியும், நோட்டில் எழுத ஓர் எண் இல்லாமல் நின்றேன். போனும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடையைப் பார்க்கப் போனேன், மழை அப்படிக் கொட்டுகிறது, ஓடையில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை, அடிக்கற்கள் தெரிகின்றன. அப்போதுதான் புரிந்தது. மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது, தண்ணீர் அதற்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊர்த்தலைவர் தாரிமாஸ் வீட்டுக்கு ஓடிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, களைத்துப்போன குரலில், "போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க அக்கா. எவ்வளவு மழைன்னு கேட்டா இப்ப அதுவும் தெரியலைங்கிறீங்க" என்றார். ஓடையை மட்டும் வந்து பாருங்கள் என்றேன். வந்தார், பார்த்தார், திரும்பிப் போய்ச் சங்கை எடுத்து ஊதினார், ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறத் தொடங்கியது. நாஸுதான் நிறைமாதத்தோடு வழுக்குப் பாதையில் ஏற மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்தா பிள்ளைக்கு என்ன ஆகும் அத்தை? நீங்க தப்பாச் சொல்லியிருந்தா?" என்று கேட்டாள். தப்பாக இருந்தால் ஆயுசு முழுக்க என்னைத் திட்டு, இப்போது கையைக் கொடு என்றேன். நான் முன்னால் இழுக்க, தலைவர் பின்னால் தாங்க, அங்கங்கே உட்காரவைத்து மேலே ஏற்றினோம். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்துக் கால்மணி நேரம் இருக்காது, மலைக்குள் இடி உருள்வது போலச் சத்தம், மரமும் பாறையும் சேறுமாக எல்லாம் இறங்கியது. நம் வீடும் இன்னும் ஏழு வீடுகளும் நின்ற இடம் தெரியவில்லை. ஆட்களை எண்ணி எண்ணிப் பார்த்தோம், ஒருவரும் குறையவில்லை.

இதைப் படித்து நீ சந்தோஷப்படுவாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை மகனே. பள்ளிக்கூடத்துக்கு மேலேயும் மண்ணில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது, இரண்டு பக்கமும் குச்சி நட்டுத் தினமும் அளக்கிறேன், நேற்று ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. தலைவர் நாளை எல்லோரையும் தேவாலயத்துப் பக்கம் மாற்றுகிறார், அது மட்டும் பத்திரமா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏப்ரல் முடிய மழை வழக்கத்தைவிட அதிகம் என்று வானிலை அலுவலகத்தில் முன்பே கணித்துச் சொல்லியிருந்தார்கள். முன்பு நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை, இப்போது ஒருவர் விடாமல் கேட்கிறார்கள், அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. சாயங்காலமானால் ஒவ்வொருவராக வந்து, "இன்னைக்குத் தூங்கலாமா?" என்கிறார்கள். நான் தலையாட்டினால் பாயை விரிக்கிறார்கள்.

நீ வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பி வராதே, இங்கே படுக்க இடமில்லை. பழைய இடத்திலேயே வீடு கட்டலாம் என்று யார் சொன்னாலும் தலையாட்டாதே. ஈரச் சட்டையோடு தூங்காதே. கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், பிள்ளை பிறந்ததும் எப்படியாவது சேதி அனுப்புகிறேன். ஒன்றை மறந்துவிடாதே, போன் வந்து நாஸுவோடு பேசும்போது அம்மா பயந்திருக்கிறாள் என்று சொல்லிவிடாதே. அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் கண்ணை மூடுகிறாள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
லெய்மாரா