படகு வரும்வரை ஆட்டம் காத்திருக்கும் என்ற வழக்கை மீறி எங்கள் கழகத்தை நீக்கியது குறித்து

அனுப்புநர்:
மு. பவுனம்மாள்,
தலைவி, கடல்முனை கால்பந்துக் கழகம்,
புதுமேட்டுக் குப்பம், திருவொற்றியூர்,
சென்னை.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள் (சங்கங்கள்),
வட சென்னை.

பொருள்: வடகரை கால்பந்துக் கழகங்களின் கூட்டமைப்பு, முன்னறிவிப்பின்றி எங்கள் கழகத்தை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது – ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மீன் ஏலம் விடுபவள். நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதுபவர் எங்கள் கழகச் செயலாளர் ஜோதிகா. என் வாயிலிருந்து வந்த சில வார்த்தைகளை அரசு அலுவலகத்துக்கு ஆகாது என்று அவர் எழுத மறுத்துவிட்டார். கோபம் குறைந்ததாக இதனால் தாங்கள் எண்ண வேண்டாம்.

1. மேற்படி கூட்டமைப்பை உறுப்பினர் கழகங்களாகிய நாங்களே நடத்தி வருகிறோம். முதலாளி என்று எவரும் கிடையாது, எந்த முடிவும் பொதுக்குழுவில் கை தூக்கித்தான் எடுக்கப்படும். ஆடுபவர்கள் எல்லாரும் உழைத்துப் பிழைப்பவர்கள். எனவே ஒரு அணியின் ஆட்கள் தொழிலில் மாட்டிக்கொண்டால், வெளிச்சம் இருக்கும்வரை எதிரணி காத்திருக்க வேண்டும் என்பது தொடக்கம் முதல் உள்ள வழக்கு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் அணியினர் கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கிக்கொண்ட நாளில் நாங்கள் மைதானத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டு காத்திருந்தோம். அவர்கள் வந்தார்கள், ஆடினார்கள், எங்களைத் தோற்கடித்துவிட்டும் போனார்கள். 

2. கடந்த 16.02.2025 ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்களுக்கும் எண்ணூர் முகத்துவாரக் கழகத்துக்கும் இறுதி ஆட்டம். எங்கள் ஆட்டக்காரர்கள் ஆறு பேர் விடியலில் இரண்டு ஃபைபர் படகுகளில் கடலுக்குப் போயிருந்தார்கள். ஆட்ட நாளில் தொழிலுக்குப் போவானேன் என்று பிறகு கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் விற்காமல் வேறு எந்தக் கிழமையில் விற்பது, ஐயா?

3. கரை திரும்பும் வழியில் எங்கள் அணித்தலைவனும் என் அண்ணன் மகனுமாகிய திலீப்புக்கு போன் வந்தது. பேசியவர் எதிரணித் தலைவர் ரஞ்சித். அவருடைய படகு இன்ஜின் நின்றுபோய், நீரோட்டம் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் இரண்டு படகையும் திருப்பிக்கொண்டு போய், கயிறு போட்டுக் கட்டி இழுத்து, அவரை எண்ணூர்க் கரையில் சேர்த்தார்கள். படகையும் வலையையும் மீனையும் அங்கேயே போட்டுவிட்டு அவர்கள் மைதானத்துக்கு ஓட முடியாது. எங்கள் குப்பத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். கரையில் இறங்கிய ரஞ்சித் சொன்னது இது: "நீ பொறுமையா வா மாமு, நான் போய் மேட்ச நிறுத்தி வெக்கிறேன்." ஆறு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

4. ரஞ்சித் பைக்கில் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். உடை மாற்றிக்கொண்டு மைதானத்தின் நடு வட்டத்தில் போய் நின்றார். ஆட்டத்தை நிறுத்தி வைக்கும்படி யாரிடமும் அவர் கேட்கவில்லை. கூட்டமைப்பின் செயலாளர் திரு. எபினேசரிடம் நான்தான் ஓடினேன். பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள், ரஞ்சித்தையே கேளுங்கள் என்றேன். ரஞ்சித் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. இந்த ஆண்டு முதல் ஆட்டங்கள் செல்போனில் நேரலையாகப் போகின்றன. "அக்கா, லைவ் ஓடிட்டு இருக்கு, சும்மா நிக்கிறதயா காட்ட முடியும்?" என்றார் எபினேசர். ஏழு பேர் இல்லாத அணி ஆட முடியாது, எங்களிடம் இருந்ததோ ஐந்து பேர். விசில் ஊதி அவர்கள் வென்றதாக அறிவித்துவிட்டார்கள். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. கோப்பையோடு அவர்கள் குதிக்கும்போது, பின்னால் ஈரச் சட்டையோடு ஆறு பேர் மைதானத்துக்குள் ஓடி வருவதைத் தாங்களும் பார்க்கலாம். அப்போது வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

5. அது போகட்டும் என்றுதான் இருந்தோம். ஆனால் 02.03.2025 அன்று அடுத்த ஆண்டு ஆட்ட அட்டவணைக்கு என்று சொல்லிப் பொதுக்குழுவைக் கூட்டி, அதில் திடீரென்று, இறுதி ஆட்டத்துக்கு வராமல் கூட்டமைப்பை அவமதித்த எங்கள் கழகத்தை நீக்குவதாகத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். எங்களிடம் விளக்கம் கேட்கவில்லை. நான் எழுந்தேன், உட்காரச் சொன்னார்கள். ஐயா, முதலில் உயர்ந்த கை ரஞ்சித்தின் கை. நடுக்கடலில் எங்கள் கயிற்றைப் பிடித்த அதே கை. அதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள், சாத்தாங்காட்டுக்காரர்கள் உட்பட. பாவிகள், ஒருவராவது என் முகத்தைப் பார்த்துத் தூக்கியிருக்கலாம். (‘பாவிகள்’ என்ற சொல்லை மட்டும் ஜோதிகா விட்டுக்கொடுத்தார்.)

6. கூட்டமைப்பில் இல்லாத அணிக்கு அந்த மைதானத்தில் இடமில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆட வேறு இடமும் இல்லை. கடற்கரை முழுக்கக் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கிடக்கிறது.

7. ஆகவே, முன்னறிவிப்பும் விசாரணையும் இல்லாத அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து, தங்கள் முன்னிலையில் பொதுக்குழுவை மீண்டும் கூட்ட உத்தரவிட வேண்டுகிறேன். கோப்பை எங்களுக்கு வேண்டாம், அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கூட்டத்தில் ரஞ்சித்தை எழுப்பி, அன்று கரையில் இறங்கியபோது திலீப்பிடம் என்ன சொன்னாய் என்று தாங்கள் ஒரு முறை கேட்டால் போதும்.

8. கடைசியாக ஒன்று. திலீப் அன்று முதல் பந்தைத் தொடவில்லை. நேற்று வலையை உதறிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "நான் கயிறு போட்டது தப்பா அத்தே?" தப்பில்லை என்றேன். அத்தை வேறு என்ன சொல்வாள் என்பதுபோல் எழுந்து போய்விட்டான். நாளைக்கும் கடலில் யாருடைய இன்ஜினாவது நிற்கும், ஐயா. அதற்குள், கயிறு போட்டது தப்பில்லை என்று தாங்கள் முத்திரை போட்டு எழுதிக் கொடுங்கள். அதை நான் அவனிடம் காட்ட வேண்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மு. பவுனம்மாள்
(கையொப்பம்)

இடம்: திருவொற்றியூர்
நாள்: 10.03.2025