போஸ்டிலிருந்து இறங்கிய காரணம்

1996 அக்டோபர் 7
மெட்ராஸைச் சென்னை என்று மாற்றிய வருஷம். ஜூனில் பேய்மழை கொட்டித் தெருவெல்லாம் மிதந்தது. நெஞ்சு படபடத்தால் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர் ஹம்சா. எனக்குக் கையெழுத்தே கட்டைவிரல்தான். நான் சொல்லச் சொல்ல என் சம்சாரம் தேவானை எழுதுகிறாள்.

காலை பத்து மணிக்குப் படபடப்பு வந்தது. நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தால், இல்லை. ஈ.சி.ஜி. சுத்தம்.

"உனுக்கு நெஞ்சுல ஒண்ணியும் இல்லய்யா, பயம்தான் கீது" என்கிறாள். அதையும் எழுதுடி.

அக்டோபர் 19
மறுபடி வந்தது. மறுபடி சுத்தம். நர்ஸ்கூடச் சிரிக்கிறாள்.

அக்டோபர் 20
பயமா? எனக்கா? 1951 ஆடியில், லைன்மேனாக லஸ் முனையில் தெருவிளக்குப் போஸ்டில் ஏணி வைத்து ஏறினேன். பாதியில் நெஞ்சு தறிகெட்டு ஓடியது. கண் இருட்டி இறங்கிவிட்டேன். கீழே கூட வேலை செய்த ஆறு பேர். யார் என்ன நிறச் சட்டை என்றுகூடச் சொல்வேன். 'பயந்தாங்கொள்ளி பக்கிரி' — ரிட்டையர் ஆகும்வரை அதுதான் பெயர். பயமா, வியாதியா? சாவதற்குள் தெரிந்தாக வேண்டும்.

நவம்பர் 2
இன்று படபடப்பு வந்தபோது தேவானையும் கூட வந்தாள். வழியில் பிள்ளையாருக்கு வழக்கம்போல் பன்னிரண்டு தோப்புக்கரணம் போட்டேன். படபடப்பு நின்றது. டாக்டரிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள்!

டாக்டர் சிரித்துவிட்டார். "உட்கார்ந்து எழுந்தா சில பேருக்கு அந்த ஓட்டம் அறுந்துடும், பெரியவரே. அடுத்த தடவை எங்கேயும் நிக்காம வாங்க. சாமி கோச்சுக்க மாட்டார்."

நவம்பர் 14
ஆட்டோவில் தேவானை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கும்புடறேன்னு தூக்குன, ஒடச்சிருவேன்."

கிராஃபில் பிடிபட்டது! நிமிஷத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. பிறவியிலேயே இதயத்தில் அதிகப்படியாக ஒரு வழியாம். மின்சாரம் அதில் திரும்பி வந்து சுற்றுகிறதாம். கொக்கி போட்ட திருட்டுக் கனெக்‌ஷன்! எனக்கா விளங்காது?

டிசம்பர் 9
தொடை வழியாக மெல்லிய ஒயர்களை இதயத்துக்குள் விட்டார்கள். எனக்கு நினைவு இருந்தது. வேண்டுமென்றே ஓட்டத்தைக் கிளப்பினார்கள்.

"இதான் டாக்டரம்மா! போஸ்ட்ல வந்தது இதேதான்!"

"கத்தாதீங்க. இடம் தெரிஞ்சாச்சு."

அந்த இடத்தில் சூடு வைத்தார்கள். அடங்கியது.

டிசம்பர் 27
ஒன்றும் வரவில்லை. தேவானைக்கு எழுத வேலையில்லை. "பயம்னு சொன்னது தப்புதான், வுடு" என்றாள். அதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள்.

கிராஃப் காகிதத்தை அந்த ஆறு பேரில் யாரிடம் காட்டுவது? தனகோடி மேஸ்திரி அறுபத்தாறாம் வருஷம் செத்துப்போனார். அந்தப் பட்டப்பெயர் வைத்த சுயம்புலிங்கம் எழுபத்தெட்டில். அந்தோணி, கண்ணையா எண்பத்தொன்பதில். கஸ்தூரிரங்கன் சார் போன தையில். மிச்சம் ஒரே ஆள். அன்றைக்குச் சிரிக்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் — சிந்தாதிரிப்பேட்டை நூர் முஹம்மது.