அப்பா நீட்டிய டொனேஷன் கவர்

பிளெய்ன்ஸ்பரோ,
22 மார்ச் 1998

அன்பு மகள் கலைவாணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம், டெக்சாஸில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் இங்கே யாருக்கும் சரியில்லை. போனில் சொன்னால் பக்கத்து ரூமில் உன் அண்ணி காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் புதிதாக ஒரு சார்ட்டர் ஸ்கூல் வருகிறது என்று சொன்னேன் இல்லையா, பெற்றோர்களே கூடி ஆரம்பிக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம், பீஸ் கிடையாது, ஆனால் கட்டிடத்துக்கும் மேஜை நாற்காலிக்கும் ஊரில்தான் பணம் திரட்ட வேண்டும். அதற்காக உன் அண்ணி ஷ்யாமளா ஸ்கூல் கமிட்டியில் சேர்ந்து இந்தக் குளிர்காலம் முழுக்க அலைந்தாள். ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமாக வடை சுட்டு எடுத்துக்கொண்டு போய், லைப்ரரி வாசலில் மேஜை போட்டு, கூச்சப்படாமல் எல்லோரிடமும் கேட்டு வாங்கினாள். நம் மிதிலாக்குட்டியை அங்கே படிக்க வைக்க அவளுக்கு அப்படி ஓர் ஆசை. இடம் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம், அதனால் குலுக்கல் போட்டுத்தான் சேர்ப்பார்களாம். இதை உன் அப்பாவுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்தது டொனேஷன் என்ற ஒரே வார்த்தை. கோயமுத்தூரில் உங்களைக் கான்வென்டில் சேர்க்கக் கொடுத்தாரே, அதே டொனேஷன் என்று நினைத்துக்கொண்டார் பாவி மனுஷன். போன மாதம் பணம் திரட்ட ஒரு விருந்து வைத்தார்கள். அங்கே கமிட்டித் தலைவியான வெள்ளைக்கார அம்மாவிடம் போய், அத்தனை பேர் முன்னால் கவரை நீட்டி, "ஒன் சீட், மை கிராண்ட் டாட்டர்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா முகம் மாறிப்போய்க் கவரைத் திருப்பிக் கொடுத்தாள். ஷ்யாமளா சாம்பார்ப் பாத்திரத்தோடு நின்றது நின்றபடி நின்றாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், தோன்றவில்லையே.

மறுநாளே அவள் மிதிலாவின் அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிவிட்டாள். அதெல்லாம் வேண்டாம் என்று கமிட்டியில் சொல்லியும் கேட்கவில்லை. நம் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் பணம் கொடுத்து வாங்கியது என்று பேச்சு வரும், ஸ்கூலுக்கே கெட்ட பெயர் என்று உன் அண்ணனிடம் சொன்னாளாம். நேற்று குலுக்கல் நடந்தது. கமிட்டியில் பிள்ளை பெயர் கொடுக்காதவள் அவள் ஒருத்திதான் என்பதால் சீட்டு எடுக்க அவளையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயராக எடுத்துச் சிரித்த முகத்தோடு வாசித்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா எழுந்து நின்று, "என்னைத் திட்டிடு கண்ணு" என்றார். அவள் திட்டவில்லை, "சாப்ட்டீங்களா மாமா" என்று மட்டும் கேட்டாள். நேற்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் மனசொத்து, நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது மிதிலா ஓடிவந்து, அம்மா தன் பெயரை மட்டும் வாசிக்க மறந்துவிட்டாள் என்று சொல்வாள். வீட்டில் எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று உனக்குத் தெரிந்தால் எனக்கும் எழுது.

உன் அம்மா,
நாகமணி